பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டுப் பயிற்சி: போன் வழியாகச் செய்வது எப்படி?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுப்பார்கள். ஐந்தாறு பயிற்சிகளின் கோட்டுப் படம், கீழே "காலை, மாலை 10 தடவை" என்று ஒரு வரி. முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அப்புறம் அந்தத் தாள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பிளாஸ்டிக் கவருக்குள் போய்விடும். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு வருகைக்கும் பணம். ஊர் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் வருவதற்கு ஆளே கிடைக்காது. இந்தக் குறையை வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்மார்ட்போனை வைத்தே பெருமளவு சரிக்கட்டலாம். பிசியோவாக நான் பல குடும்பங்களோடு இப்படித்தான் வேலை செய்கிறேன். எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதை எல்லோரும் "வீடியோ கால் பிசியோதெரபி" என்றுதான் நினைக்கிறார்கள். வீடியோ கால் என்பது வாரத்தில் இரண்டு மூன்று தடவை, அதுவும் அரை மணி நேரம். கையையும் காலையும் மீட்டுத் தருவது மீதி நேரத்தில் நோயாளி தானாகச் செய்வது. அந்த மீதி நேரத்தில் செய்வது சரியாக இருக்கிறதா, போதுமான தடவை நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் போன் அதிகம் உதவும்.

பலன் உண்டா?

உண்டு. 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பக்கவாதத்தால் கை பலவீனமான 124 பேரை 11 மையங்களிலிருந்து சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மையத்தில் சிகிச்சை, மீதிப் பேருக்கு வீட்டிலேயே கணினி வழியாக. இரு தரப்புக்கும் 70 நிமிடம் வீதம் 36 அமர்வுகள். அதில் பாதி சிகிச்சையாளர் கண்காணிப்பில், பாதி தாங்களாகவே. முடிவில் கையின் முன்னேற்றம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் நாட்டு ஆய்வு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து நடந்து 2017-ல் வெளியானது அது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவரை வைத்தே வீட்டில் செய்யவைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறப்பிலும் சரி, பிறர் துணையை நம்பியிருக்கும் நிலையிலும் சரி, வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை. "வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கைகழுவக் கூடாது என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. யாராவது தொடர்ந்து பார்த்துத் திருத்த வேண்டும். எண்ணிக்கையும் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை ஏன்? 2009-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், சிகிச்சையாளர் நேரில் இருக்கும் அமர்விலேயே கையின் உபயோகமான அசைவுகள் சராசரியாக 32 தடவைதான் நடந்தன. விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மூளை தன்னை மாற்றிக்கொள்ள நூற்றுக்கணக்கான தடவை தேவைப்பட்டது. ஆக நேரில் போனாலும் மீதியை வீட்டில்தான் ஈடுகட்ட வேண்டும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

ஒரு தடவையாவது நேரில் பரிசோதித்த பிறகுதான் போன் வழிக்கு வர வேண்டும். தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா, தொட்டால் உணர்வு இருக்கிறதா என்பதெல்லாம் திரையில் தெரியாது. மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், பிசியோவின் சம்மதத்தோடு, அவர் நோயாளியை எழுப்புவதையும் நடக்கவைப்பதையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எத்தனை யூட்யூப் வீடியோ பார்த்தாலும் அதற்கு ஈடாகாது. யூட்யூபில் பயிற்சி செய்துகாட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும்!

சாயாமல் தானாக உட்கார முடியாதவர், அடிக்கடி கீழே விழுகிறவர், வலிப்பு கட்டுப்படாதவர், பிரஷர் கட்டுக்குள் வராதவர், வீட்டில் துணைக்குப் பெரியவர் யாரும் இல்லாதவர்: இவர்களுக்கு நேரடிச் சிகிச்சைதான். அப்போதும் பார்த்துக்கொள்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போன் பயன்படும். படுக்கையில் புரட்டுவது, கையைத் தலையணை மேல் வைப்பது போன்றவற்றை வீடியோவில் நன்றாகவே கற்றுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் விசாரியுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. வீடு தேடி வரும் பிசியோதெரபியும் இதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயர் கொடுக்கலாம். அவர்கள் வந்துபோகும் நாட்களுக்கு இடையில் கீழே சொல்வதைச் செய்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

என்னென்ன வேண்டும்

வாங்க வேண்டியது அதிகம் இல்லை. ஒரு ஸ்மார்ட்போன், அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டு (இல்லையென்றால் பருப்பு நிறைந்த எவர்சில்வர் டப்பாவில் சாய்த்தாலும் நிற்கும்), கைப்பட்டை வைத்த பிரஷர் மெஷின், இடுப்பில் கட்ட அகலமான பெல்ட், ஒரு நோட்டு, இரண்டு கிண்ணம், ஒரு பிடி புளியங்கொட்டை. கண் சரியாகத் தெரியாதவருக்கு டிவி திரையில் காட்ட முடிந்தால் நல்லது.

நாற்காலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். எழும்போது பின்னால் நகர்ந்தால் அவ்வளவுதான். கை வைத்த மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ எடுத்து முதுகைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். மிதியடி, கயிற்றுப் பாய், தரையில் ஓடும் சார்ஜர் ஒயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். சாக்ஸ், ஹவாய் செருப்பு இரண்டும் கூடாது. வெறுங்கால், அல்லது பின்பக்கம் பிடிப்புள்ள காலணி.

போனை எங்கே வைப்பது

பாதி வீடியோ கால்கள் வீணாவது இங்கேதான். துணைக்கு இருப்பவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராகக் காட்டுவார். எனக்கு நெற்றியும் மின்விசிறியும் தெரியும், முழங்கால் தெரியாது. துணையாளின் இரண்டு கையும் நோயாளியைப் பிடிக்கத்தான். அதனால் போன் ஸ்டாண்டில்தான் இருக்க வேண்டும்.

போனைப் படுக்கைவாட்டில், இடுப்பு உயரத்தில், ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். நாற்காலியும் இரண்டு பாதமும் தலையும் சேர்ந்து திரைக்குள் வர வேண்டும். ஜன்னல் போனுக்குப் பின்னால் இருக்கட்டும். நோயாளிக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் ஆள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். எழுந்து உட்காரும் பயிற்சிக்கு வராத (பக்கவாதம் பாதித்த) காலின் பக்கமிருந்து பக்கவாட்டில் ஒரு தடவை, நேர் எதிரிலிருந்து ஒரு தடவை. கைப் பயிற்சிக்கு எதிரிலிருந்து, தோள் இரண்டும் தெரியும்படி. சரியான இடம் கிடைத்ததும் ஸ்டாண்டின் கால் பட்ட இடத்திலும் நாற்காலிக் கால் பட்ட இடத்திலும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த வாரம் எடுக்கும் வீடியோவை இந்த வாரத்தோடு ஒப்பிட அப்போதுதான் முடியும்.

உடையும் முக்கியம். புடவைக் கொசுவத்துக்குள் முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. சுடிதார் பேண்ட், டிராக் பேண்ட், இல்லையென்றால் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவது நல்லது. அவிழக்கூடிய லுங்கியோடு நடைப் பயிற்சி வேண்டாம்.

படம் எடுப்பதற்கு முன் நோயாளியிடம் கேளுங்கள். நேற்றுவரை ஊரே மதித்த மனுஷர், தள்ளாடுவதைப் படம் எடுக்கச் சங்கடப்படுவார். வீடியோ பிசியோவுக்கு மட்டும்தான் போகும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

பயிற்சிக்கு முன்

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். அன்றைய மாத்திரை போட்டாயிற்றா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, நல்ல கையில் பிரஷர் பாருங்கள். எந்த அளவுக்கு மேல் போனால் பயிற்சி வேண்டாம் என்று டாக்டரிடமே எண்ணாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அப்படி எதுவும் இல்லாதபோது 180/110-ஐத் தொட்டால் நான் அன்றைக்குத் தொடங்குவதில்லை. டாக்டருக்குத் தகவல் சொல்லச் சொல்வேன். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவருக்கு ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், பயிற்சி அப்புறம். பிரஷருக்குச் சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது, எனவே துடிப்பை வைத்து உழைப்பை அளக்க முடியாது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை "எவ்வளவு கஷ்டமாக இருக்கு?" என்று கேளுங்கள். நாலு, ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பேசும்போது மூச்சு வாங்கிச் சொல் உடைந்தால் அது அதிகம்.

முதல் வீடியோ கால்

முதல் வீடியோ காலில் பயிற்சியைவிட ஏற்பாடுதான் அதிகம். வீட்டு முகவரி, பக்கத்து மருத்துவமனை, இன்னொரு போன் எண் மூன்றையும் நான் எழுதிக்கொள்வேன். உங்கள் பிசியோ கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள். அவர் கண்முன்னால் ஏதாவது ஆனால் எங்கே ஆம்புலன்ஸ் அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெட் போனால் சாதாரண போன் காலில் தொடர்வது என்றும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெளியூர் மகன். துபாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மூன்றாவது ஆளாக வீடியோ காலில் சேர்வார். "அப்பா, இன்னும் தூக்குங்க, இன்னும் கொஞ்சம்!" என்று உற்சாகப்படுத்துவார். அப்பாவும் மகனுக்காகத் தோளைக் காதுவரை தூக்கி, உடம்பையே ஒருபுறம் சாய்த்துக் கையை உயர்த்திக் காட்டுவார். அதெல்லாம் தவறான அசைவு. மகன் பார்க்கட்டும், மைக் மியூட்டில் இருக்கட்டும். கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பவர்தான் துணையாள்.

விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே பேச வேண்டும். வீடியோ காலைக் கட் பண்ணாதீர்கள். உடனே இழுத்துத் தூக்காதீர்கள். வலி எங்கே என்று கேட்டு, தலையில் அடிபட்டிருந்தால், அதிலும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எழுந்து உட்காரும் பயிற்சி

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யச் சொல்வேன். கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர இதுதான் அடிப்படை. வீடியோவில் திருத்தவும் சுலபம்.

நாற்காலியின் முன் விளிம்புவரை நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். வராத காலை நல்ல காலைவிட ஒரு விரற்கடை பின்னால் வைத்தால் எழும்போது எடை அதன் மேல் விழும். முன்னால் இருந்தால் நல்ல கால் எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொள்ளும். மூக்கு கால் கட்டை விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, அப்புறம் எழ வேண்டும். குனியாமல் எழப் பார்க்கிறவர்கள்தான் பின்னால் "பொத்"தென்று விழுகிறார்கள். உட்காரும்போது மெதுவாக, மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு.

துணையாள் வராத பக்கம் நிற்க வேண்டும், ஒரு கை இடுப்புப் பெல்ட்டில். கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்குவதும் கூடவே கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் தோள்வலிகளில் பல இப்படி இழுத்து வந்தவைதான்.

பக்கவாட்டு வீடியோவில் நான் பார்ப்பது குனிவு போதுமா, குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று. எதிர் வீடியோவில் இடுப்பு நல்ல பக்கம் ஒதுங்குகிறதா, முழங்கால் உள்ளே மடிகிறதா என்று. கஷ்டமாக இருந்தால் கெட்டியாக மடித்த ஜமுக்காளத்தை இருக்கையில் போட்டு உயர்த்துங்கள்; உயரம் கூடினால் எழுவது எளிது. ஐந்து ஐந்தாக, இடையில் ஓய்வெடுத்து, நாளில் பல தடவை. ஒரே மூச்சில் முப்பது வேண்டாம்.

கைக்கு

பக்கத்து வீட்டுக்காரர் முதலில் வாங்கிவருவது ரப்பர் பந்து. விரல் மடக்குவது பெரும்பாலும் தானாகவே இறுக்கமாக வந்துவிடும், திறப்பதுதான் வராது. பந்தை நாள் முழுக்க அமுக்குவதைவிட, பிடித்ததை விடுவதையே பழக வேண்டும். ஒரு கிண்ணத்திலிருந்து புளியங்கொட்டையை எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடுவது நல்ல தொடக்கம். முப்பது கொட்டை எண்ணிவைத்தால் கிண்ணம் காலியானதும் முப்பது தடவை முடிந்தது, தனியாக எண்ண வேண்டியதில்லை. துணிக் கிளிப் மாட்டுவது, துண்டு மடிப்பது, பாட்டில் மூடி திறப்பது என்று வீட்டு வேலைகளையே பயிற்சியாக்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதே எண்ணத்தில் உருவான கிராஸ்ப் என்ற கைப் பயிற்சித் திட்டம் 2009-ல் 103 பேரிடம் சோதிக்கப்பட்டுப் பலன் தந்தது. அதன் கையேடு இலவசம்.

கை கொஞ்சம்கூட அசையாதவருக்கு இரண்டு கையையும் கோத்து மேசைமேல் துணியால் முன்னும் பின்னும் துடைக்கச் சொல்லலாம். கதவின் மேல் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்து வராத கையை மேலே தூக்கும் கப்பி வேண்டாம். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016 வழிகாட்டியும் அதைப் பரிந்துரைப்பதில்லை, தோள் கெடும். புறா ரத்தம் தேய்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். அதனால் கை வராது. அந்த நேரத்தில் இரண்டு கிண்ணம் கொட்டை எடுத்துப் போட்டுவிடலாம்.

வீடியோ கால் இல்லாத நாட்களில்

இதற்குத்தான் இவ்வளவும். முறை எளிது. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம், போன் அலாரத்தில் பேரப்பிள்ளையின் குரலைப் பதிந்துவைத்தால் எழாதவரும் எழுவார். முடித்ததும் நோட்டில் நாலே விஷயம்: தேதி, பிரஷர், ஒவ்வொரு பயிற்சியும் எத்தனை, கஷ்டம் பத்துக்கு எவ்வளவு. வாரம் இரண்டு நாள் மட்டும் ஒரு பயிற்சியை முப்பது விநாடி வீடியோ எடுத்து அனுப்புங்கள். தொடக்கத்தில் தேதியையும் பயிற்சியின் பெயரையும் வாயால் சொல்லிவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை. அன்று செய்ததில் முதல் தடவையை எடுக்காதீர்கள். களைத்த பிறகு வரும் கடைசித் தடவைகளில்தான் தவறு வெளியே வரும்.

பதிலாக பிசியோவிடமிருந்து ஒரு குரல் பதிவு போதும். "ஐயா, வலது காலைக் கொஞ்சம் பின்னாடி இழுத்து வச்சுக்குங்க, மத்ததெல்லாம் நல்லா இருக்கு." ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான் கேளுங்கள். சரியாகச் செய்த வீடியோ ஒன்று கிடைத்ததும் அதைத் தனியாகச் சேமியுங்கள். அடுத்த நாள் நோயாளி பார்த்துச் செய்ய வேண்டியது தன்னுடைய அந்த வீடியோவைத்தான்.

ஸ்மார்ட் வாட்ச் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: மெதுவாகக் காலை இழுத்து நடக்கும் நடையை மணிக்கட்டு வாட்ச் பாதிகூட எண்ணாமல் விட்டுவிடலாம். 'இவ்வளவு நடந்தும் 200 தானா' என்று மனசு உடைந்துபோகும். ஸ்டெப் எண்ணும் கருவி வேண்டும் என்றால் நல்ல காலின் கணுக்காலில் கட்டுவது மேல். கேம் ஆப்கள் சலிப்பு போக்கப் பரவாயில்லை. காசு கொடுத்து வாங்குவதற்கு முன் அது எந்த அசைவை எத்தனை தடவை செய்யவைக்கிறது என்று பாருங்கள்.

பேச்சு பாதித்தவருக்கு வாயால் விளக்காமல் செய்து காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறவருக்கு முதலில் அவர் பார்க்கும் பக்கத்தில் போனை வைத்து, பழகப் பழக மறுபக்கம் நகர்த்துங்கள். பயிற்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

உடனே நிறுத்த வேண்டியவை

புதிதாக வாய் கோணுவது, கை கால் இன்னும் தளர்வது, பேச்சு குழறுவது, திடீர்க் கடும் தலைவலி, பார்வை மறைவது: இதில் எதைக் கண்டாலும் பிசியோவுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறலுக்கும் இதேதான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதை அமுக்கிவிடாமல், நடக்கவும் வைக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கூட்டுவதும் குறைப்பதும்

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதே நாற்காலியில், 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார்கிறார், ஒரு நிமிடத்தில் எத்தனை கொட்டை மாற்றுகிறார் என்று எண்ணி எழுதுங்கள். கஷ்டம் தொடர்ந்து மூன்றுக்குக் கீழே வந்தால் ஒரு படி ஏற்றலாம்: ஜமுக்காளத்தை எடுப்பது, கை பிடிக்காமல் எழுவது, கிண்ணத்தைத் தள்ளிவைப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் சறுக்கியது என்று தெரியாது.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தால் வீடியோ கால்களை வாரம் ஒன்று, அப்புறம் மாதம் இரண்டு என்று குறைக்கலாம். தோள்வலி தொடங்கினாலோ, கை விரல்கள் முன்னைவிட இறுகினாலோ, காலுக்குப் போட்ட ஸ்பிளின்ட் புண்ணாக்கினாலோ, நாலு வாரமாக எண்ணிக்கை அசையவில்லையென்றாலோ நேரில் காட்ட வேண்டும். போகும்போது நோட்டையும், முதல் வார வீடியோ ஒன்றையும் இந்த வார வீடியோ ஒன்றையும் எடுத்துப்போங்கள்.